தாலந்தும் செலவும்

இலக்கியப் பத்திரிகையில் டென்னிஸுக்கு என்ன வேலை என்று கேட்கக்கூடியவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தைப் பற்றி இங்கே அதிகம் இல்லை. ஒருவர் தனக்கு நன்றாக வரும் காரியத்தை, அது நன்றாக வந்துகொண்டிருக்கும்போதே, நிறுத்திவிடலாமா என்பதுதான் விஷயம். எழுதுகிறவர்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு. நாம் அதை நேராகக் கேட்டுக்கொள்வதில்லை. எழுத்தில் நிறுத்துவது யார் கண்ணிலும் படாமல் நடந்துவிடுகிறது. நிறுத்தியவருக்கே சில வருஷங்கள் கழித்துத்தான் தெரியவருகிறது. டென்னிஸில் இந்தச் சௌகரியம் கிடையாது. தேதி இருக்கிறது, கணக்கு இருக்கிறது, சாட்சிகள் இருக்கிறார்கள்.

தேதி 2022 மார்ச் 23. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆஷ்லி பார்ட்டி அன்று டென்னிஸை விட்டார். அவருக்கு வயது 25. இருபத்தாறு நிரம்ப ஒரு மாதம் இருந்தது. பெண்கள் ஒற்றையர் தரவரிசையில் முதலிடம் அவருடையது. தொடர்ச்சியாக 114 வாரங்கள் அந்த இடத்தில் இருந்தார். அந்த ஜனவரி 29ஆம் தேதிதான் மெல்போர்னில் தன் நாட்டுப் பட்டத்தை ஜெயித்திருந்தார். 1978க்குப் பிறகு ஆஸ்திரேலியர் யாரும், ஆணோ பெண்ணோ, அங்கே ஒற்றையர் பட்டம் ஜெயித்ததில்லை. இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், இரட்டையர் ஆட்டத்தில் தன் பழைய கூட்டாளியான கேஸி டெலாக்குவாவுடன் உட்கார்ந்து பேசுவதைப் படம் பிடித்து, போதும் என்று சொல்லி, அதை வெளியிட்டுவிட்டார்.

செய்தியைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்டது எரிச்சல். ஏமாற்றம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். ஆனால் அது எரிச்சல்தான். யாரோ என்னிடம் வாங்கியதைத் திருப்பித் தராமல் ஊரை விட்டுப் போய்விட்டதுபோல. அவர் என்னிடம் எதையும் வாங்கவில்லை. அவர் ஆடியதை நான் பார்த்தேன், அவ்வளவே. பின் இந்தக் கடன் உணர்ச்சி எங்கிருந்து வந்தது? இந்தக் கட்டுரை அந்த எரிச்சலை விசாரிக்கும் முயற்சி.

2

முதலில் அந்தத் தொழிலின் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

டென்னிஸ் ஆட்டக்காரி ஒருத்தியின் பாதை பெரும்பாலும் அவள் தேர்ந்தெடுக்கத் தெரிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நான்கு ஐந்து வயதில் கையில் மட்டை. பதினைந்துக்குள் ஜூனியர் பட்டங்கள். பிறகு எங்கெங்கோ சிறிய ஊர்களில், பார்வையாளர் இல்லாத மைதானங்களில், விமானச் செலவுக்குக்கூடக் காணாத பரிசுப் பணத்துக்காக ஆடும் வருஷங்கள். பிறகு பெரிய போட்டிகளின் தகுதிச் சுற்று. முதல் நூறு பேருக்குள் வந்தால்தான் பெரிய போட்டிகளில் நேராக இடம். அங்கிருந்துதான் இது பிழைப்பு என்று சொல்லத் தக்க நிலை. வருஷத்தில் பத்துப் பதினோரு மாதங்கள் பயணம்.

இந்தப் பாதைக்குக் காவலாக இருப்பது ஒரு கணக்குப் புத்தகம். பெண்களுக்கான கம்ப்யூட்டர் தரவரிசை 1975 நவம்பரில் வந்தது. அதன் விதி எளிமையானது. ஒரு போட்டியில் சம்பாதித்த புள்ளிகள் 52 வாரங்களுக்குத்தான் செல்லும். க்ராண்ட் ஸ்லாம் பட்டம் ஒன்றுக்கு 2000 புள்ளிகள். அடுத்த வருஷம் அதே போட்டி வரும்போது அந்த 2000 கழிக்கப்படும். மறுபடி ஜெயித்தால் இருந்த இடத்தில் இருக்கலாம். இதை அவர்கள் புள்ளிகளைக் காப்பாற்றுவது என்கிறார்கள். நான் வங்கியில் குமாஸ்தா. எங்கள் லெட்ஜரில் பணம் எடுக்காதவன் கணக்கு குறையாது; வட்டி சேர்ந்து கொஞ்சம் கூடும். டென்னிஸின் லெட்ஜரில் சும்மா இருப்பவனுக்குக் கணக்கு தானாகக் கரையும். முதலிடத்தில் இருப்பவர் உட்கார்ந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அவர் ஓடிக்கொண்டிருக்கிறார், அதே இடத்தில்.

இந்தக் கணக்கின் லட்சணத்தைக் காட்ட ஒரு சம்பவம் போதும். இவான் கூலகாங் 1976இல் இரண்டு வாரங்கள் உலக முதலிடத்தில் இருந்தார். அது அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அப்போதைய கணக்கில் சில விவரங்கள் விடுபட்டிருந்தன. 2007 டிசம்பரில்தான் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். 31 வருஷங்கள் கழித்து. அந்த இரண்டு வாரங்களில் அவர் ஆடிய ஆட்டம் இதனால் கூடியதா, குறைந்ததா? இடம் வேறு, ஆட்டம் வேறு என்பதற்கு இதைவிடத் துல்லியமான நிரூபணம் வேண்டியதில்லை. ஆனால் இடத்தைக் கொண்டுதான் ஒரு ஆட்டக்காரியின் வாழ்க்கையை எழுதுகிறார்கள்.

பார்ட்டி இந்தப் பாதையில் நேராக வந்தவரும் இல்லை. 2011இல், 15 வயதில், விம்பிள்டன் சிறுமியர் பட்டம். 2013இல் டெலாக்குவாவுடன் மூன்று க்ராண்ட் ஸ்லாம் இரட்டையர் இறுதி ஆட்டங்கள், மூன்றிலும் தோல்வி. 2014 செப்டம்பரில், 18 வயதில், விளையாட்டை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார். முறையாகப் பயிற்சி பெறாத கிரிக்கெட்டை எடுத்துக்கொண்டு 2015-16இல் பிரிஸ்பேன் ஹீட் அணிக்கு ஆடினார். 2016இல் தரவரிசையே இல்லாத ஒருவராக டென்னிஸுக்குத் திரும்பினார். 2019இல் பிரெஞ்சுப் பட்டம், அந்த ஜூனில் முதலிடம். 2020இல் தொற்றுநோய்க் காலத்தில் மற்றவர்கள் நியூயார்க்குக்கும் பாரீஸுக்கும் போனபோது இவர் போகவில்லை. ஊரிலிருந்து, தன் கோல்ஃப் கிளப்பின் சாம்பியன் பட்டத்தை வாங்கினார். 2021இல் விம்பிள்டன். அது அவருடைய சிறுவயது ஆசை. 2022இல் மெல்போர்ன். அதன் பிறகு ஒன்றுமில்லை.

3

கடன் உணர்ச்சிக்கு வருகிறேன்.

ஆங்கிலத்தில் திறமைக்கு வழங்கும் டாலன்ட் என்ற சொல் ஒரு நாணயத்தின் பெயர் என்பது பி.ஏ. வகுப்பில் எனக்குக் கிடைத்த உருப்படியான விஷயங்களில் ஒன்று. மத்தேயுவின் சுவிசேஷத்தில் வரும் கதையிலிருந்து அந்தப் பொருள் பிறந்தது. தமிழ் பைபிளில் அது தாலந்து. எஜமான் பயணம் போகிறான். ஒரு வேலைக்காரனிடம் ஐந்து தாலந்தும், ஒருவனிடம் இரண்டும், ஒருவனிடம் ஒன்றும் கொடுத்துவிட்டுப் போகிறான். முதல் இருவரும் வியாபாரம் செய்து இரட்டிப்பாக்குகிறார்கள். மூன்றாமவன் மண்ணில் புதைத்து வைத்து, எஜமான் வந்ததும் அப்படியே திருப்பித் தருகிறான். திருடவில்லை, தொலைக்கவில்லை. அவனுக்குத்தான் தண்டனை. குறைந்தபட்சம் வட்டிக்காவது போட்டிருக்கலாமே என்று எஜமான் கேட்கிறான். மில்டன் பார்வை போனபின் எழுதிய சானெட்டில் கலங்குவதும் இந்தத் தாலந்தை நினைத்துத்தான்.

இந்தக் கதை இரண்டு காரியங்களைச் செய்திருக்கிறது. திறமை நம்முடையதல்ல, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது என்றது. அதைப் பெருக்காமல் இருப்பதே குற்றம் என்றது. என் எரிச்சலின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சர்ச்சுக்குப் போகாத எனக்கும் இது பள்ளிக்கூடம், பரீட்சை, வேலை எல்லாவற்றின் வழியாகவும் வந்து சேர்ந்திருக்கிறது. 'இவ்வளவு கெட்டிக்காரப் பையன், இப்படி வீணாகிறானே' என்று நம் வீடுகளில் சொல்லும்போது பேசுவது அந்த எஜமான்தான்.

ஆனால் கதையைக் கவனமாகப் படித்தால் ஒரு விஷயம் தெரிகிறது. எஜமான் ஒரே ஒரு தடவைதான் திரும்பி வருகிறான். கணக்கு ஒரு முறைதான் கேட்கப்படுகிறது. ஐந்தைப் பத்தாக்கியவனிடம் ஏன் இருபதாக்கவில்லை என்று கேட்கவில்லை. சந்தோஷத்துக்குள் வா என்கிறான். டென்னிஸின் எஜமான் திங்கட்கிழமைதோறும் கணக்குக் கேட்டு வருகிறான். போன வருஷத்துப் பத்துத் தாலந்து இந்த வருஷம் செல்லாது என்கிறான். இந்த எஜமானுக்கு சுவிசேஷத்தில் ஆதாரம் இல்லை. இதோடு இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அந்த நல்ல வேலைக்காரனுக்குக் கிடைக்கும் பரிசில் சந்தோஷம் பாதிதான், மறுபாதி மேலும் பல காரியங்களின்மீது அதிகாரியாக நியமனம். பதவி உயர்வின் ஆசையும் பாரமும் அங்கேயே தொடங்கிவிட்டன.

4

தெய்வத்தை எடுத்துவிட்டு இதே கடமையை அறிவின் பலத்தில் நிறுத்திக் காட்டியவர் கான்ட். 1785இல் வெளியான, அறத்தின் அடிப்படை பற்றிய சிறிய நூலில் அவர் தரும் நான்கு உதாரணங்களில் ஒன்று இது. ஒருவனிடம் ஒரு திறமை இருக்கிறது. அதை வளர்த்தால் பல வகையிலும் பயன்படுவான். அவனோ சௌகரியமாக இருக்கிறான். சுகமே போதும் என்று நினைக்கிறான். எல்லா மனிதர்களும் இப்படியே இருந்தாலும் உலகம் நின்றுவிடாது என்பதை கான்ட் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அறிவுள்ள ஒருவன் இப்படி ஒரு பொது விதி இருக்கட்டும் என்று மனமார விரும்ப முடியாது என்கிறார். தன் ஆற்றல்கள் எல்லாம் வளர வேண்டும் என்றுதான் அவன் விரும்பியாக வேண்டும்; ஏனென்றால் எந்த நோக்கத்துக்கும் அவை உதவக்கூடியவை.

முதல் பார்வைக்கு இது பார்ட்டிக்கு எதிரான தீர்ப்புபோல் இருக்கிறது. சற்று நின்று பார்த்தால் அப்படியில்லை. கான்ட் ஆற்றல்கள் எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறார். தொழில்முறை டென்னிஸ் ஐந்து வயதுக் குழந்தையின் ஒரே ஒரு ஆற்றலைப் பொறுக்கியெடுத்து, மற்றவை அனைத்தையும் வாடவிட்டு, அதை மட்டும் வளர்க்கிறது. கான்ட்டை அக்ஷரம் பிசகாமல் எடுத்துக்கொண்டால் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியது அந்தத் தொழில்தான். மேலும் இந்தக் கடமையைத் தளர்ச்சிக்கு இடம் கொடுக்கும் வகையில் அவர் சேர்க்கிறார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதுபோன்ற கண்டிப்பு இதற்கு இல்லை. எந்த ஆற்றலை, எவ்வளவு காலம், எந்த அளவுக்கு என்பது ஆளைப் பொறுத்தது.

ஆனால் அந்த உதாரணத்தில் என்னை உறுத்துவது வேறு. திறமைகளைத் துருப்பிடிக்கவிடும் சோம்பேறிகள் யார் என்று காட்ட கான்ட்டுக்கு ஆள் தேவைப்படுகிறது. தென்கடல் தீவுவாசிகளைக் காட்டுகிறார். தன் ஊரைவிட்டு அதிக தூரம் போகாத தத்துவாசிரியர், தான் பார்க்காத ஜனங்களை நோக்கி விரல் நீட்டுகிறார். உழைப்பு என்பது எங்களுடைய வகையான உழைப்பு, மற்றதெல்லாம் சோம்பல். இந்தப் பார்வைக்கு அப்புறம் நீண்ட ஆயுள் இருந்தது.

கூலகாங் விராஜுரி என்ற ஆதிக்குடியைச் சேர்ந்தவர். 1951இல் பிறந்தார். பாரெல்லன் என்ற கோதுமை வயல்களுக்கு நடுவிலான சிற்றூரில் வளர்ந்தார். அரசாங்கம் ஆதிக்குடிக் குழந்தைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்துக் கொண்டுபோன காலம் அது. அறிமுகமில்லாத கார் வந்தால் அம்மா தங்களை ஒளிந்துகொள்ளச் சொன்னதை அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1971இல் பாரீஸிலும் விம்பிள்டனிலும் ஜெயித்தார். 1980இல், தாயான பிறகு, மறுபடியும் விம்பிள்டன். ஏழு க்ராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள். இவ்வளவுக்கும் பிறகு, ஆட்டத்தின் நடுவே அவர் கவனம் சிதறினால் பத்திரிகைகள் எழுதியது 'வாக்கபவுட்' என்று. ஆதிக்குடியினர் சொல்லாமல் கொள்ளாமல் காட்டுக்குள் அலையப் போய்விடுவார்கள் என்று வெள்ளையர் வைத்த பெயர். வெள்ளைக்கார ஆட்டக்காரிக்குக் கவனம் சிதறினால் அது கவனச் சிதறல். இவருக்குச் சிதறினால் அது இனத்தின் குணம்.

பார்ட்டியும் தந்தை வழியில் ங்காரிகோ என்ற ஆதிக்குடியைச் சேர்ந்தவர். 2014இல் அவர் விலகியபோது கூலகாங் ஒரு செய்தி அனுப்பினாராம்: நல்ல முடிவு, போய்த் தூண்டில் போடு என்ற பொருளில். நிறுத்திய ஒரு பெண்ணுக்கு வந்த இந்த வார்த்தையில் உபதேசம் இல்லை, பரிதாபம் இல்லை, எப்போது திரும்புவாய் என்ற கேள்வியும் இல்லை. கான்ட் தூரத்திலிருந்து துரு என்று பார்த்ததை, அதை அறிந்த ஒருவர் கிட்ட இருந்து ஓய்வு என்று பார்க்கிறார். மெல்போர்னில் 2022இல் பார்ட்டிக்குக் கோப்பையைக் கொடுத்ததும் கூலகாங்தான்.

5

இதுவரை சொன்னதில் பார்ட்டியின் பக்கம் நியாயம் சேர்ந்துகொண்டே போகிறது. இங்கே எனக்கு ஒரு எச்சரிக்கை தோன்றுகிறது. நம்மவர்களுக்குத் துறவைக் கண்டால் உடனே கை குவியும். உச்சியில் இருக்கும்போது உதறிவிட்டுப் போனவர் என்றதும் அரண்மனையை விட்டு நள்ளிரவில் வெளியேறியவர்களின் ஞாபகம் வந்துவிடுகிறது. பார்ட்டியைத் துறவியாக்கினால் காரியம் கெட்டது. அவர் எதையும் துறக்கவில்லை. பரிசுப் பணமாக மட்டும் 2 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்துவிட்டுத்தான் போனார். 2019இல் ஷென்ஸென் நகரில் ஒரே போட்டியில் 44 லட்சம் டாலர். பிறகு சுயசரிதை எழுதினார், மணந்துகொண்டார், குழந்தை பெற்றார், கோல்ஃப் ஆடினார்.

இதில் ஒரு கசப்பான உண்மை இருக்கிறது. போதும் என்ற வார்த்தைக்கு விலை உண்டு. வரிசையில் இருநூறாவது இடத்தில் இருக்கும் பெண் போதும் என்று சொன்னால், அவள் தோற்றுப்போனாள் என்றுதான் அர்த்தப்படுத்துவார்கள். அவளிடம் அடுத்த மாத வாடகைக்கும் பணம் இருக்காது. அதே வார்த்தை முதலிடத்திலிருந்து வரும்போது தத்துவமாகிவிடுகிறது. நிறைவு என்பது பணக்காரர்களின் குணமா? முழுவதும் அப்படியில்லை என்று சொல்லவே விரும்புகிறேன். 2014இல் 18 வயதில் அவர் விலகியபோது அந்தப் பெரும்பணம் இல்லை. திரும்பி வந்தால் இடம் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஆனால் 2022இன் முடிவுக்குப் பணம் ஒரு நிபந்தனை என்பதை மறுக்க முடியாது. நிபந்தனை வேறு, காரணம் வேறு. அதே பணம் இருந்த எத்தனையோ பேர் தொடர்ந்தார்கள்.

தொடர்ந்தவர்களையும் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. மார்ட்டினா நவ்ரத்திலோவா 2006இல் அமெரிக்க ஓப்பன் கலப்பு இரட்டையர் பட்டத்தை ஜெயித்தபோது அவருக்கு ஐம்பது வயது நிரம்ப ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமே இருந்தது. அது அவருடைய 59ஆவது க்ராண்ட் ஸ்லாம் பட்டம். அதைப் பேராசை என்று சொல்பவன் அவர் வலைக்கு அருகில் வந்து ஆடியதைப் பார்த்திருக்க மாட்டான். ஸெரீனா வில்லியம்ஸ் 2022 செப்டம்பரில், 41 வயதை நெருங்கும் சமயத்தில் விலகினார். தான் ஆணாக இருந்திருந்தால் குடும்பமா ஆட்டமா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்திருக்காது என்று எழுதினார். அவருக்குப் போதவில்லை, உடம்பும் உலகமும் நிறுத்தச் சொல்லின. ஆகவே நிறுத்துவது உயர்ந்தது, தொடர்வது தாழ்ந்தது என்று ஒரு விதி செய்தால் அது பழைய விதியைத் தலைகீழாக்கிய இன்னொரு எஜமான்தான்.

6

பின் எதில் இருக்கிறது அறப் பிரச்னை? காரணம் சொல்வதில் என்று நினைக்கிறேன்.

நிறுத்துவதற்குச் சமூகம் ஒப்புக்கொள்ளும் காரணங்களின் ஜாபிதா ஒன்று இருக்கிறது. காயம். வயது. பெண்ணென்றால் பிரசவம். சரிவு அல்லது அவமானம். ஜெனிஃபர் காப்ரியாட்டி 1990இல் 14 வயது நிரம்புவதற்குச் சில வாரங்கள் முன்பு தொழில்முறைக்கு வந்தார். 1992இல் ஒலிம்பிக் தங்கம். அடுத்த வருஷமே உடைந்துபோனார். அதன்பிறகுதான் சிறுமிகள் ஆடும் போட்டிகளின் எண்ணிக்கைக்கு வயதுவாரியாக விதி கொண்டுவந்தார்கள். ஒரு குழந்தை போதும் என்று சொல்வதைக் கேட்க அந்த அமைப்புக்கு ஒரு விபத்து தேவைப்பட்டது. 2021இல் நவோமி ஒஸாகா பாரீஸில் பத்திரிகையாளர் கூட்டத்துக்கு வர விருப்பமில்லை என்றார். 15,000 டாலர் அபராதம் போட்டார்கள். அவர் போட்டியிலிருந்தே விலகி, தனக்கு நெடுநாளாக இருந்த மனச் சோர்வைப் பகிரங்கமாகச் சொன்ன பிறகுதான் குரல்கள் தணிந்தன. விருப்பமில்லை என்பது காரணமாகச் செல்லவில்லை. வியாதியின் பெயர் செல்லுபடியாயிற்று.

பார்ட்டி ஜாபிதாவில் இல்லாத ஒன்றைச் சொன்னார். விம்பிள்டன் தன் ஆசை, அது நிறைவேறியது, அதற்குப் பிறகு உள்ளே ஏதோ மாறிவிட்டது. உச்சத்தில் ஆட வேண்டுமென்றால் கொடுக்க வேண்டிய அந்த வேகமும் மனமும் இனி தன்னிடம் இல்லை. கொடுக்க இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டேன் என்ற பொருளில் பேசினார். அவர் பயன்படுத்திய ஆங்கிலச் சொல்லைத் தமிழில் 'செலவாகிவிட்டேன்' என்றுதான் சொல்ல முடியும். பணத்துக்கும் பலத்துக்கும் பொதுவான சொல். நம் பழைய கவிதையில் செலவு என்றால் போதல், பயணம். ஒரு சொல்லில் இரண்டும் இருப்பது தற்செயலாகவே இருக்கட்டும். இவர் விஷயத்தில் இரண்டும் ஒன்றாக இருந்தன. செலவாகிவிட்டதால் போனார். பட்டியலிலிருந்தும் பெயரை உடனே எடுக்கச் செய்தார். எடுக்காமல் விட்டிருந்தால் பழைய புள்ளிகள் கரையும்வரை இன்னும் பல வாரங்கள் ஆடாமலே பட்டியலின் மேல்தட்டில் இருந்திருக்கலாம். ஏப்ரல் 4ஆம் தேதி இகா ஷ்வியான்டெக் முதலிடத்துக்கு வந்தார்.

தாலந்துக் கதைக்கு இது ஒரு பதில். அந்தக் கதையில் இரண்டே வழிகள்: பெருக்குவது, புதைப்பது. செலவழிப்பது என்ற மூன்றாவது வழி அதில் இல்லை. நாணயத்தை ஒப்படைக்கப்பட்ட முதலாகப் பார்த்தால் செலவழிப்பது மோசடி. ஆனால் ஆட்டத் திறமை முதல்தானா? பேங்கில் இருக்கும் பணத்தை நான் தொடாமல் இருந்தாலும் அது இருக்கும். பார்ட்டியின் இடது பக்க ஸ்லைஸ், அந்தத் தாழ்ந்து சறுக்கி எழாத பந்து, அவர் அடிக்கும்போது மட்டுமே இருக்கும். அடிக்காதபோது எங்கும் இருப்பில் இல்லை. அதற்குச் செலவாவது தவிர வேறு இருப்பு கிடையாது. அப்படிப்பட்டதைப் பற்றி இன்னும் எவ்வளவு மீதி வைத்துவிட்டுப் போனாய் என்று கேட்பதில் பொருளில்லை.

இங்கே கலைக்கும் ஆட்டத்துக்கும் வித்தியாசம் உண்டு என்று ஆட்சேபிக்கலாம். ராம்போ இருபது வயதையொட்டிக் கவிதையை விட்டுவிட்டு, பிறகு ஹராரில் காப்பியும் துப்பாக்கியும் விற்றார், கவிதைகள் இருக்கின்றன. மௌனி இருபத்துச் சொச்சம் கதைகளோடு நின்றார், கதைகள் இருக்கின்றன. எழுதாத கவிதைக்காக ராம்போவைக் குறை சொல்லும் விமர்சகன், எழுதிய கவிதையை இன்னும் படித்து முடிக்கவில்லை என்றுதான் அர்த்தம். ஆட்டக்காரியிடமிருந்து நமக்கு மிஞ்சுவது படச்சுருளும் எண்களும்தான். ஆகவே நம் இழப்பு அதிகம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் இழப்பு எவ்வளவு பெரியதானாலும் அது அவருடைய கடனாக மாறாது. மழை நின்றுவிட்டதால் எனக்கு நஷ்டம் இருக்கலாம். மழையின் பேரில் பாக்கி எழுத முடியாது.

அப்படியானால் திறமைக்குக் கடமையே இல்லையா? இருக்கிறது என்றே நினைக்கிறேன். அது காலத்தின் நீளத்தில் இல்லை, காரியத்தின் உள்ளே இருக்கிறது. மெல்போர்ன் இறுதி ஆட்டத்தின் இரண்டாவது செட்டில் டேனியல் காலின்ஸ் 5-1 என்று முன்னால் இருந்தார். முதல் செட் ஏற்கெனவே பார்ட்டியிடம் இருந்தது. அந்த செட்டை விட்டுவிட்டு மூன்றாவதில் பார்த்துக்கொள்ளலாம்; யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இரண்டு மாதத்தில் போய்விடப்போகிறவர் அங்கே சற்றுத் தளர்ந்திருக்கலாம். தளரவில்லை. ஒவ்வொரு கேமாகத் திரும்பப் பெற்று டை-பிரேக்கில் 7-6 என்று முடித்தார். ஆட்டத்தின் நடுவில் பந்தை விட்டுவிடக்கூடாது என்பது கடமை. அடுத்த ஆட்டத்துக்கும் வந்தாக வேண்டும் என்பது கடமையல்ல. முதலாவதைச் செய்தவர்தான் இரண்டாவதை மறுக்கத் தகுதி உள்ளவர் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் தகுதி என்ற வார்த்தை வந்ததும் மறுபடி எஜமானின் குரல் கேட்கிறது. அதனால் அதைச் சொல்லாமல் விடுகிறேன்.

7

ஜஸ்டின் ஹெனினைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் நேர்மையாகாது. பெல்ஜியத்தின் ஹெனின் 2008 மே மாதத்தில், அதே 25 வயதில், அதே முதலிடத்திலிருந்து, தன் மனதுக்கு மிக நெருக்கமான பாரீஸ் போட்டிக்குச் சில நாட்கள் இருக்கும்போது விலகினார். பெயரையும் எடுத்துவிடச் சொன்னார். 2010இல் திரும்பி வந்தார். மெல்போர்னில் இறுதி ஆட்டம் வரை போனார். அந்த வருஷம் முழங்கையில் அடிபட்டு, 2011 ஜனவரியில் மறுபடி விலகினார். முதல் தடவை போதும் என்றது பொய்யா? பார்ட்டியும் என்றாவது திரும்பி வந்தால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடுமா? ஆகாது என்று நினைக்கிறேன். போதும் என்பது வருங்காலத்தைப் பற்றிய சத்தியம் இல்லை. அந்தச் சமயத்தில் தன்னைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சொல்வது. அதில் ஒருவர் தவறு செய்யலாம், பொய் சொல்லக்கூடாது.

எரிச்சலுக்குத் திரும்புகிறேன். எங்கள் கிளையில் மூத்த குமாஸ்தா ஒருவர் இருக்கிறார். அதிகாரிப் பதவி உயர்வு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். காரணம் கேட்டதற்கு, வேண்டாம் என்பதுதான் காரணம் என்றார். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று எழுதுங்கள், ஃபைலுக்கு நன்றாக இருக்கும் என்று ஆலோசனை சொன்னவர்களில் நானும் ஒருவன். அவர் எழுதவில்லை. அவர்மீது எனக்கு இருந்ததும் இதே எரிச்சல்தான் என்பது இப்போது தெரிகிறது. அவர் சோம்பேறி என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அவர் தாலந்தைப் புதைத்தவரா, வேறெங்கோ செலவழிப்பவரா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒருநாளும் அவர் வீட்டுக்குப் போனதில்லை.

இந்தப் பத்திரிகையில் முன்பு என் கவிதைகள் வந்துகொண்டிருந்தன. ஆறு வருஷங்களாக வரவில்லை. நண்பர்கள் கேட்கும்போது நேரமில்லை என்று சொல்லிவருகிறேன். பேங்க் வேலை, வருஷக் கடைசிக் கணக்கு, குழந்தையின் படிப்பு. எல்லாம் உண்மை; எதுவும் காரணமில்லை. கட்டுரை எழுத நேரம் இருப்பதை நீங்களே பார்க்கிறீர்கள். எனக்கு இருந்தது செலவாகிவிட்டதா, புதைத்து வைத்திருக்கிறேனா என்று தோண்டிப் பார்க்காமல் இருப்பதற்கு நேரமில்லை என்ற வார்த்தை உதவியிருக்கிறது. பார்ட்டியின்மேல் வந்த எரிச்சல், தனக்குத் தெரிந்துவிட்ட ஒருவர்மேல் தெரியாத ஒருவனுக்கு வந்தது. அடுத்த முறை யாராவது கேட்டால் நேரமில்லை என்று சொல்லக்கூடாது என்று இருக்கிறேன். வேறு என்ன சொல்வது என்று இன்னும் பிடிபடவில்லை.